பிரயாணத்தில் இன்சுலினைக் காத்தல்

கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில், ஆதி கங்கை எனப்படும் பழைய நீரோட்டத்தை ஒட்டி அமைந்தது டாலிகஞ்ச். தூர்ந்து கிடந்த அந்நீரோட்டத்தை 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெட்டித் திருத்திய மேஜர் வில்லியம் டாலி என்பவரின் பெயரே ஊருக்கும் நிலைத்துவிட்டது. வங்காளத் திரைப்படக் கூடங்களால் பெயர் பெற்ற இப்பகுதியில் எம். ஆர். பாங்கூர் மருத்துவமனை என்னும் பெரிய அரசாங்க மருத்துவமனையும் உண்டு. ஆயினும் கடினமான நோய் என்றதும் இங்குள்ள குடும்பங்கள் பல நாடிச் செல்வது, ஏறத்தாழ 1,800 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வேலூரையே. 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய சிறு சிகிச்சை நிலையத்திலிருந்து வளர்ந்த கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளி எழுத்தில் பெயர்ப்பலகைகள் தொங்குவதைக் காண்போர், இந்தப் போக்குவரத்தின் அளவை எளிதில் ஊகிக்கலாம்.

இப்படிச் செல்வோரில் நீரிழிவு நோயாளிகள் உண்டு. நீரிழிவுக்காக அன்றி இருதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ செல்லும்போதும், தினந்தோறும் போட்டுக்கொள்ளும் இன்சுலினை அவர்கள் உடன் எடுத்துச் செல்லவே வேண்டும். மே மாதத்தில் ஒரு பகலும் ஓர் இரவும், அதற்கு மேலும், ரயிலில் கழியும். கையிலுள்ள மருந்தட்டையில் “2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடுக்குள் வைக்கவும்” என்று அச்சிட்டிருக்கிறது. ரயில் பெட்டியில் குளிர்ப்பெட்டி கிடையாது. என்ன செய்வது?

செய்வது பெரும்பாலும் ஒன்றே. வீட்டிலுள்ள பிளாஸ்க்கில் உறைபெட்டியின் ஐஸ்கட்டிகளை நிரப்பி, அவற்றின் நடுவே குப்பியைப் புதைத்து, மூடியை இறுக்கித் திருகி, மருந்து பத்திரமாயிற்று என்று நிம்மதியடைவது. சிலர் அவ்வளவு தூரமும் போவதில்லை. குளிர்ச்சிக்கு வழியில்லையே என்று இரண்டு நாள் ஊசியையே நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் பிரயாணத்தின் முடிவில், வெயிலில் வந்த மருந்து கெட்டிருக்கும் என்றெண்ணி நல்ல குப்பியைக் குப்பையில் எறிகிறார்கள். இம்மூன்றும் அட்டையிலுள்ள அந்த ஒற்றை வரிக்குக் கீழ்ப்படிவதாக எண்ணிச் செய்யப்படுபவை, மூன்றுமே தீங்கானவை. கீழ்ப்படிந்தவருக்கே தீங்கு நேரும் வண்ணம் ஒரு கட்டளை எழுதப்பட்டிருக்குமானால், குறையைக் கட்டளையில் தேடுவதே முறையாகும்.

இன்சுலின் என்பது ஒரு சிறிய புரதம். 1921-ஆம் ஆண்டில் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகியோர், மக்லியாடின் ஆய்வுக்கூடத்தில், கணையத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். காலிப் அதைத் தூய்மைப்படுத்தினார். 1922 ஜனவரியில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு ஊசி மூலம் கொடுக்கப்பட்டது. அதன் அமைப்பை வரிசை பிசகாமல் கண்டறிந்தவர் பிரடெரிக் சாங்கர். அதற்காக 1958-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியும் 30 கொண்ட மற்றொரு சங்கிலியும் கந்தகப் பிணைப்புகளால் கோக்கப்பட்டு, குறிப்பிட்ட முறையில் மடிந்து கிடக்கின்றன. அந்த மடிப்புதான் மருந்தின் சக்தி. மடிப்பு குலைந்தால், 51 அமினோ அமிலங்களும் அப்படியே இருந்தபோதிலும், அது மருந்தாவதில்லை.

மடிப்பைக் குலைப்பவை மூன்று: உஷ்ணம், குலுக்கல், உறைவு. உஷ்ணம் மெதுவாக வேலை செய்யும். உஷ்ணநிலை உயர உயர மூலக்கூறுகள் அவிழ்ந்து ஒன்றோடொன்று பின்னி நுண்ணிய இழைகளாகின்றன. ஆனால் அதற்கு நாட்களும் வாரங்களும் தேவை. குலுக்கல் இந்த இழையாக்கத்தை விரைவுபடுத்தும். பாதி காலியான குப்பியில் மருந்தும் காற்றும் ஓயாமல் உரசுவதால் முழுக் குப்பியைவிட அதற்கே அபாயம் அதிகம். ரயிலில் குப்பி உருண்டுகொண்டே வராதபடி துணி சுற்றி நிறுத்தி வைக்க வேண்டியதன் காரணம் இதுவே. உறைவோ காத்திருப்பதில்லை. நீர் பனிப்படிகமாகும்போது கரைந்திருந்த புரதம் ஒதுக்கித் தள்ளப்பட்டுச் செறிந்து திரள்கிறது. பால்போன்ற கலங்கல் இன்சுலின் வகைகளில் மிதக்கும் நுண்படிகங்கள் கட்டியாக ஒட்டிக்கொள்கின்றன. பின்னர் உருகிவிட்டாலும் பழைய நிலை திரும்புவதில்லை. அவ்வாறு கட்டியான மருந்தை ஊசியில் இழுத்தால், ஒரு வேளை குறைவாகவும் மறு வேளை கூடுதலாகவும் ஏறும். கூடுதலாக ஏறியவர் சர்க்கரை வீழ்ந்து மயங்குவார்.

ஆகவே பிரயாணிக்கு முதல் எதிரி எது என்ற கேள்விக்கு விடை, அட்டையைப் படித்தவுடன் தோன்றும் விடையன்று. 35 டிகிரியில் ஒரு நாள் கழித்த குப்பிக்கு நேரும் இழப்பு அளவிடற்கரிய சிறு இழப்பு. உறைபெட்டி ஐஸின் நடுவே ஓரிரு மணி நேரம் இருந்த குப்பியோ முற்றிலும் வீணாகலாம்.

2 முதல் 8 டிகிரி என்ற விதி பொய்யான விதி என்று இதற்குப் பொருளல்ல. தொழிற்சாலையிலிருந்து மொத்த வியாபாரி, அங்கிருந்து சில்லறைக் கடை, அங்கிருந்து வீடு என்று ஈராண்டுகளுக்கும் மேலாக ஒரு மருந்து சக்தி குன்றாமலிருக்க வேண்டுமானால் அதற்கு அந்தக் குளிர்ச்சி தேவையே. ஆனால் அது சேமிப்புக்கான விதி. திறந்து பயன்பாட்டுக்கு வந்துவிட்ட குப்பிக்கு உற்பத்தியாளர்களே வேறொரு விதி வைத்திருக்கிறார்கள்: வகைக்கேற்ப 25 அல்லது 30 டிகிரிக்கு மேற்படாமல், பெரும்பாலும் நான்கு வாரம், சில வகைகளுக்கு ஆறு வாரம்வரை. இந்த இரண்டாவது விதி பெட்டிக்குள் மடித்துச் செருகிய மெல்லிய காகிதத்தில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் கிடக்கிறது. முதல் விதி மட்டும் அட்டையின் முகத்தில் நிற்கிறது.

இரண்டாவது விதியிலும் போதிய எச்சரிக்கை கலந்தே இருக்கிறது என்பதை அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. கென்யாவின் வடபகுதியிலுள்ள தகஹாலே அகதிகள் முகாமில், எல்லைகளற்ற மருத்துவர்கள் இயக்கத்தார் வீடுகளின் உஷ்ணநிலையைப் பதிவு செய்தனர். பகலில் 37 டிகிரியை எட்டி இரவில் 25-க்கு இறங்கும் அந்த ஏற்றத்தாழ்வை ஜெனிவா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நான்கு வாரம் அப்படியே உண்டாக்கி, பல வகை இன்சுலினை அதற்கு உட்படுத்தினர். 2021-இல் வெளியான முடிவின்படி, குளிரில் வைத்த குப்பிக்கும் இதற்கும் சக்தியில் வேறுபாடில்லை. 2023-இல் காக்ரேன் அமைப்பு கிடைத்த ஆதாரங்களையெல்லாம் திரட்டிச் சீர்தூக்கியது. திறக்காத மனித இன்சுலின் குப்பிகளை 25 டிகிரிவரை ஆறு மாதமும், 37 டிகிரிவரை இரண்டு மாதமும் வைத்தாலும் சிகிச்சைக்கு இடையூறான இழப்பு ஏற்படுவதில்லை என்பது அதன் முடிவு. இரண்டு மாதம் என்பதன் பக்கத்தில், டாலிகஞ்சிலிருந்து வேலூர் செல்லும் முப்பது சொச்சம் மணி நேரத்தை வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி ஐஸைப் பற்றி. கொல்கத்தாவுக்கும் சென்னைக்கும் ஐஸின் விஷயத்தில் ஒரு பழைய உறவு உண்டு. பிரெடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் நகர வணிகர், குளிர்காலத்தில் அறுத்தெடுத்த ஏரிப் பனிக்கட்டிகள் 180 டன்னை 1833 மே மாதம் “டஸ்கனி” என்ற கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதம் கடந்து, வெப்ப மண்டலத்தைத் தாண்டி, செப்டம்பரில் கப்பல் வந்தடைந்தபோது சுமார் 100 டன் மிஞ்சியிருந்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டடமும் அதே வணிகரின் ஐஸைச் சேமிக்க 1842-இல் எழுந்ததே. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் இன்றளவும் வட்டாரத்தை விட்டுப் போகவில்லை. டியூடரிடம் குளிரூட்டும் இயந்திரம் ஏதும் இல்லை. உஷ்ணம் உள்ளே நுழைவதைத் தாமதப்படுத்தும் தடுப்பு மட்டுமே அவரிடம் இருந்தது. பிரயாணிக்கும் தேவைப்படுவது குளிர்ச்சியைவிட அந்தத் தாமதமே. வாயகன்ற தெர்மாஸ் குடுவையைக் குளிர்ந்த நீரால் நிரப்பிச் சிறிது நேரம் வைத்து, நீரைக் கொட்டித் துடைத்து, துணி சுற்றிய குப்பியை அதனுள் வைத்து மூடினால், ஐஸ் ஒரு துண்டும் இன்றி அது வெளியுஷ்ணத்தை நெடுநேரம் தடுத்து நிறுத்தும்.

ஐஸ் இல்லாமல் மனம் கேளாதவர்கள் ஒரு சிறு வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும். உருகிக்கொண்டிருக்கும் ஐஸும் நீரும் சேர்ந்த கலவை பூச்சியம் டிகிரியில் நிற்கும். மருந்துக் கரைசல் உறைவது அதற்குச் சற்றுக் கீழே. ஆனால் உறைபெட்டியிலிருந்து அப்போதே எடுத்த கட்டி பூச்சியத்தில் இருப்பதில்லை. மைனஸ் 15, மைனஸ் 18 என்ற அளவில் இருக்கும். அது தன்னைச் சுற்றியுள்ளதை உறையவைத்த பிறகே உருகத் தொடங்கும். மீன் கடையில் வாங்கும் ஐஸில் உப்புக் கலந்திருந்தால் உருகும்போதுகூடப் பூச்சியத்துக்குக் கீழே போகும். குல்ஃபி செய்வோர் நன்கறிந்த விஷயம் இது. தடுப்பூசித் திட்டத்தில் ஊர் ஊராகச் செல்லும் செவிலியருக்கு இதற்கென்றே ஒரு பாடம் உண்டு. ஐஸ் நிரம்பிய உறைகளை வெளியே எடுத்து வைத்து, குலுக்கினால் உள்ளே நீர் சலசலக்கும் ஒலி கேட்கும்வரை காத்திருந்து, பிறகே தடுப்பூசிப் பெட்டியில் அடுக்குவார்கள். உறைந்தால் கெடும் தடுப்பூசிகள் சில இருப்பதே காரணம். செவிலியருக்குக் கற்றுத் தந்த அதே பாடம், அதே மருத்துவமனையின் நீரிழிவுப் பிரிவில் குப்பியை வாங்கிச் செல்லும் நோயாளியின் காதில் ஏன் விழக்கூடாது?

ஐஸுக்கு மாற்றாக மண்பானையும், அதன் நவீன வடிவமான ஈரப் பையும் பரிந்துரைக்கப்படுகின்றன. நீரில் நனைத்தால் உப்பிக்கொள்ளும் படிகங்களைத் துணியில் தைத்த இப்பைகள் இப்போது மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. இரண்டும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை: நீர் ஆவியாகும்போது உள்ளுறை வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. உறைய வைக்காது, மின்சாரம் கேட்காது என்பதால் இவை மிகச் சிறந்தவையே. ஆனால் இவற்றைப் பற்றிய பொதுவான புகழுரை ஓர் உண்மையை மறைத்துவிடுகிறது; டாலிகஞ்சில் வாழ்வோருக்கு அந்த உண்மை முக்கியமானது.

ஆவியாதலால் கிடைக்கும் குளிர்ச்சிக்குக் காற்றின் ஈரப்பதம் ஓர் எல்லை வகுக்கிறது. அந்த எல்லைக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்குக் கீழே எந்தப் பானையும் எந்தப் பையும் இறங்க முடியாது. காற்றின் உஷ்ணம் 40 டிகிரியும் ஈரப்பதம் 20 விழுக்காடுமாக இருக்கும் வறண்ட ஊரில் இந்த எல்லை சுமார் 23 டிகிரி. பானை தன் வேலையைப் பிரமாதமாகச் செய்யும். அதே 40 டிகிரியில் ஈரப்பதம் 30 விழுக்காடானால் எல்லை 26-ஐ நெருங்குகிறது, அப்போதும் குறையில்லை. காற்று 35 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 75 விழுக்காடு என்றால் எல்லை 31 டிகிரி ஆகிவிடும். வெயில் குறைந்த ஊரில் பானை அதிகச் சூடாக இருக்கிறது என்பது விந்தையாகத் தோன்றலாம். கங்கைச் சமவெளியின் முகத்துவாரத்தில், வியர்வை உலராத ஆனி மாதத்துப் பிற்பகலை அனுபவித்தவருக்கு அதில் விந்தை இல்லை. உடலின் வியர்வை உலராத இடத்தில் பானையின் வியர்வை மட்டும் எப்படி உலரும்?

வட இந்தியாவின் வறண்ட கோடையில் வெட்டிவேர்த் தட்டி நனைத்து அறையைக் குளிர்வித்த அனுபவம், அப்படியே தமிழகக் கடற்கரைக்கோ வங்கக் கடற்கரைக்கோ பொருந்தாதது இதனால்தான். ரயில் ஜன்னலோரம் பையைத் தொங்கவிட்டால் காற்று வேகமாக வீசுமே என்று கேட்கலாம். வேகமான காற்று எல்லையை விரைவில் எட்டச் செய்யும், எல்லையைத் தாழ்த்தாது. வெயில் பட்டால் அந்த நன்மையும் போய்விடும். அதே பை, ரயில் கடற்கரையை விட்டு உள்நாட்டின் வறண்ட காற்றில் நுழைந்ததும், காட்பாடியில் இறங்கி வேலூர் விடுதியில் தங்கியதும், திடீரென்று நன்றாக வேலை செய்யத் தொடங்கும். ஒரே பிரயாணத்தில் ஒரே பை இரு வகையாக நடந்துகொள்வதைக் கண்டு, “பை கெட்டுவிட்டது” என்று முடிவு கட்டுவோரும், “இந்தப் பை எங்கும் காக்கும்” என்று நம்புவோரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். அச்சிட்ட ஆலோசனைகளில் காற்றின் ஈரப்பதத்தைப் பற்றி ஒரு சொல்லேனும் அரிதாகவே காணப்படுகிறது. பெரிய தேசம் ஒன்றுக்கு ஒரே அறிவுரையை எழுதி அனுப்பும் வழக்கத்தின் பலன் இது.

டாலிகஞ்சிலிருந்து புறப்படும் பிரயாணத்தைப் பகுதி பகுதியாக எடுத்துக்கொண்டால் அச்சம் தானே சுருங்கிவிடும். முன்பு ஹௌரா நிலையத்தை அடைவதற்குள் வெயிலிலும் நெரிசலிலும் கழிந்த நேரமே பெரும் தொல்லையாயிருந்தது. 2024 மார்ச் மாதம் ஹூக்ளி நதியின் அடியே சுரங்க ரயில் ஓடத் தொடங்கியபின், டாலிகஞ்சில் ஏறி எஸ்பிளனேடில் வண்டி மாறி ஹௌரா நிலையத்தின் கீழேயே இறங்கலாம். வழியெங்கும் குளிரூட்டிய வண்டிகள். நீண்ட தூர ரயிலில் குளிர்வசதிப் பெட்டியில் செல்வோருக்கு மருந்தைப் பற்றிய கவலையே வேண்டுவதில்லை. சாதாரணப் படுக்கை வசதிப் பெட்டியில் செல்வோர் குப்பியைத் துணி சுற்றித் தெர்மாஸில் வைத்து, ஜன்னல் வெயிலுக்கும் பெட்டியின் கூரைக்கும் தொலைவில், கீழ்ப்படுக்கை அடியில் நிறுத்தினால் போதும். கூரையருகே உள்ள மேல்படுக்கை பகலில் கொதிக்கும். வண்டி நிலையத்தில் நிற்கும்போது குப்பியை மோட்டார் காரினுள் விட்டுப் போவதுதான் உண்மையான ஆபத்து. வெயிலில் மூடிய காருக்குள் உஷ்ணம் 50 டிகிரியைத் தாண்டுவது சகஜம். அந்த உஷ்ணத்துக்கு மேற்சொன்ன ஆராய்ச்சி எதுவும் உத்தரவாதம் தரவில்லை. விமானத்தில் செல்வோர் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் இன்சுலினை வைக்காமல், மருத்துவர் சீட்டுடன் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்; அங்கும் அச்சம் உறைவைப் பற்றியதே.

வங்காளிகள் விடுமுறைக்குப் போகும் மூன்று ஊர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து “தீபுதா” என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு: தீகா, புரி, டார்ஜிலிங். கேட்பதற்குத் தீபு அண்ணா என்று யாரையோ அழைப்பதுபோல் இருக்கும். முதலிரண்டும் ஈரக்காற்று வீசும் கடற்கரைகள். அங்கே ஈரப் பையைவிடத் தெர்மாஸ் மேல். மூன்றாவது இமயமலை. அங்கே குளிர்காலத்தில் மருந்தைக் குளிரிலிருந்து காக்க வேண்டும். கம்பளிச் சட்டையின் உள்பையில், உடம்பையொட்டி வைத்துக்கொள்வதே அதற்குச் சிறந்த இடம்.

இத்தகைய தளர்வான அறிவுரைக்கு மறுப்பு இல்லாமல் இல்லை. நோயாளியிடம் 30 டிகிரி என்றால் 40 என்று எடுத்துக்கொள்வார். நான்கு வாரம் என்றால் நான்கு மாதம் வைத்திருப்பார். எனவே கண்டிப்பான எண்ணைச் சொல்வதே பாதுகாப்பு என்று அனுபவமிக்க மருத்துவர்கள் சிலர் கருதுகின்றனர். ஆய்வுக்கூடத்தில் சில வகைகளில் கண்ட முடிவை எல்லா வகைகளுக்கும் நீட்டக்கூடாது என்பதும் நியாயமான எச்சரிக்கையே; கையிலுள்ள வகைக்கு அதனுடன் வரும் காகிதம் என்ன சொல்கிறதோ அதுவே முதற்பிரமாணம். ஆனால் கண்டிப்பான எண் பாதுகாப்பைத் தருகிறதா என்பதே இங்குள்ள கேள்வி. கைக்கொள்ள முடியாத எண்ணைக் கொடுத்தால் நோயாளி இரண்டில் ஒன்று செய்வார்: அதை அடியோடு அலட்சியம் செய்வார், அல்லது அளவுக்கு மீறிக் கைக்கொண்டு மருந்தை உறையவைப்பார். வசதியான வீட்டுக் குளிர்ப்பெட்டிகூட அந்த எண்ணைச் சரிவரக் காப்பதில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் குழு ஒன்று 2018-இல் வெளியிட்ட முடிவின்படி, நோயாளிகள் மருந்துடன் வைத்திருந்த உஷ்ணப் பதிவுகள் 400-இல் 315 பதிவுகள் வரம்பை மீறியிருந்தன. பூச்சியத்துக்குக் கீழே இறங்கியவையும் அவற்றில் இருந்தன. உறைபெட்டியை அடுத்த மேல்தட்டில் இன்சுலினை வைக்கும் இல்லங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆதரவுடன் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் நீரிழிவு உள்ளோர் 10 கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டது. அனைவரும் இன்சுலின் போடுவதில்லை. ஆனால் முதல் வகை நீரிழிவுள்ள ஒரு சிறுமிக்கு இரண்டு நாள் இன்சுலின் தவறினால், அல்லது சக்தியிழந்த மருந்து ஏறினால், இரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்து நேரும். மருந்து சக்தியிழந்ததைக் கண்ணால் காண முடிவதுமில்லை. தெளிவாயிருக்க வேண்டிய வகை கலங்கினாலும், குப்பியின் உட்சுவரில் பனிபடர்ந்தது போன்ற படலம் தெரிந்தாலும், குலுங்கியபின் கட்டிகள் மிதந்தாலும் ஐயமின்றி எறிந்துவிடலாம். இவை எதுவும் இல்லாமலும் சக்தி குன்றியிருக்கலாம். காரணமின்றி ஏறும் சர்க்கரை அளவே அப்போது ஒரே சாட்சி. சர்க்கரையை அளக்கும் கருவியும் அதன் பட்டைகளும்கூட மிகுந்த உஷ்ணத்தில் பிழையாகக் காட்டக்கூடியவை என்பதால் அவற்றையும் மருந்தோடு நிழலில் வைப்பது நலம்.

மாற்று மருந்து வெளியூரில் வாங்க நேர்ந்தால் வேறொரு கண்ணி இருக்கிறது. இந்தியாவில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு உள்ளது. பேனாவுக்கான கார்ட்ரிட்ஜில் 100 அலகு. அவசரத்துக்குக் கார்ட்ரிட்ஜ் வாங்கி, பழைய 40 அலகு சிரிஞ்சினால் அதிலிருந்து இழுத்துப் போட்டால் இரண்டரை மடங்கு மருந்து ஏறிவிடும். பழைய மருந்து உஷ்ணத்தில் கெட்டதோ இல்லையோ, இந்தப் பிழை ஒரே வேளையில் ஆளை வீழ்த்தும். நல்ல குப்பியை வீண் அச்சத்தால் எறிவது எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் உற்பத்தியாளரும் செய்யத்தக்கது பெரிய காரியமன்று. அட்டையின் முகத்தில், இருக்கும் வரியை அடுத்து, அதே பருமனில், இன்னும் இரண்டு வரிகள் வேண்டும்: பயன்பாட்டிலுள்ள குப்பியை எத்தனை டிகிரியில் எத்தனை நாள் வெளியே வைக்கலாம் என்பது ஒன்று, உறைந்த மருந்தை உருகியபின்னும் பயன்படுத்தக்கூடாது என்பது மற்றொன்று. மருந்து விற்கப்படும் மாநிலத்தின் மொழியில் அவை இருக்க வேண்டும். வேலூரில் வாங்கப்பட்டு டாலிகஞ்சுக்குத் திரும்பும் குப்பிக்கு எந்த மொழி என்று கேட்டால், சொல்லறியாதவரும் உணரும் படங்கள் அதற்குண்டு.

படத்தைவிட மேலானது ஒன்றும் ஏற்கெனவே இந்த நாட்டின் அனுபவத்தில் இருக்கிறது. போலியோ சொட்டு மருந்துக் குப்பியின் மேல் 1996 முதல் ஒட்டப்பட்டு வரும் சிறு வட்டத்தைப் பல்லாயிரம் ஊழியர்கள் பார்த்துப் பழகியவர்கள். வட்டத்தின் நடுவேயுள்ள வெளிர்ச் சதுரம் உஷ்ணம் பட்ட அளவுக்கேற்ப மெல்ல மெல்லக் கருக்கிறது. சுற்றியுள்ள வளையத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்தை எறிந்துவிட வேண்டும். எத்தனை டிகிரி, எத்தனை மணி என்று எவரும் கணக்கிட வேண்டியதில்லை. முழுப் பயணத்தின் உஷ்ணத்தையும் அது தானே கூட்டிக்கொள்கிறது. இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் காணப்பட்டது, டாலிகஞ்சுக்கு ஆற்றின் மறுகரையிலுள்ள ஹௌரா மாவட்டத்தில். அந்த மாவட்டத்தின் சந்து பொந்துகளுக்கெல்லாம் சொட்டு மருந்து பழுதின்றிப் போய்ச் சேர உதவிய அடையாளம், அதே ஹௌரா நிலையத்தில் ரயிலேறும் நோயாளியின் இன்சுலின் குப்பியில் பொதுவாகக் காணப்படுவதில்லை.

தடுப்பூசிக்கான வட்டத்தை அப்படியே பெயர்த்து ஒட்ட முடியாது. இன்சுலின் கெடும் வேகம் வேறு. அதற்கேற்பக் கருக்கும் வேகத்தைத் திட்டப்படுத்த வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே சோதிக்க வேண்டும். அந்த வட்டம் உஷ்ணத்தை மட்டுமே காட்டும், உறைவைக் காட்டாது என்பதும் நினைவிலிருக்க வேண்டும். உறைந்ததைக் காட்டும் கருவிகள் தடுப்பூசிக் கிடங்குகளில் தனியே இருக்கின்றன. அவற்றைக் குப்பியளவுக்குச் சிறிதாக்கிக் குறைந்த விலையில் தருவது தேசிய ஆய்வுக்கூடங்கள் எடுத்துக்கொள்ளத்தக்க வேலை. இவ்விரண்டில் எதை முதலில் செய்வது என்று கேட்டால், உறைவு காட்டியையே முதலில் செய்ய வேண்டும்.